லீவு எடுத்த படகு

"உங்க வீட்டுக்காரர் பேசுவாரா, மாட்டாரா?" என்று கேட்டார் அத்தை.

"வீட்டுல நல்லாப் பேசுவாருங்க. கடலைப் பத்திக் கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டாரு," என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்காரர் எங்கள் எதிரிலேயே கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் அவருக்குப் பூட்டு என்று பெயர். அன்று மாலை மேலதிகாரி முன்னால் அவருக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் படகு பறிமுதல், உரிமம் ரத்து, குடும்பம் தெருவில். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் வலையின் ஓட்டைகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் நின்று பார்த்தாலே மஞ்சள் மிதவைகள் தெரியும். அவற்றுக்கு உள்ளே இருப்பது பாதுகாக்கப்பட்ட கடல்பகுதி. அங்கே மீன்கள் நிம்மதியாகப் பிள்ளைகுட்டி பெற்றுக்கொள்ளலாம், மனிதன் தூண்டிலோடு எட்டிப் பார்க்கக் கூடாது. பூட்டு மாதக்கணக்கில் எட்டிப் பார்த்ததாக, அந்தப் பகுதியைக் காவல் காக்கும் ரேஞ்சர் வழக்குப் போட்டிருந்தார்.

"உள்ள போனீங்களா?" என்றார் அத்தை.

"போகல."

"அப்போ எங்க போனீங்க?"

ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. பதில் அவ்வளவுதான்.

"அத்தை, இவருக்கு மாத்துச் சாவி எங்கேயாவது கிடைக்குமா?" என்றேன்.

"மாப்பிள்ளை, நீங்க அப்பப்போ மூளையையும் பயன்படுத்தினா யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க," என்றார் அத்தை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அத்தை என் மனைவியின் அம்மா. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக நஷ்டஈடு கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் தலை நரைத்து, ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவர். நான் அதன் ஒரே உதவியாளர். மாப்பிள்ளையை ஒருமையில் திட்ட அவருக்கு மனம் வராது. அதனால் முழு மரியாதையோடு திட்டுவார், அதுதான் தாங்க முடியாது.

"அக்கா, எப்படியாவது காப்பாத்துங்க," என்றாள் பூட்டின் மனைவி. "அந்தப் படகு இல்லேன்னா இவரு ரெண்டு நாள்கூட உசுரோட இருக்க மாட்டாரு. நான் சும்மா சொல்லல."

அவள் சும்மா சொல்லவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் ஜோக் அடிக்கும் ஆசை போய்விட்டது, கொஞ்ச நேரத்துக்கு.

*

வழக்கின் ஒரே ஆதாரம் ஐஸ் தொழிற்சாலையின் மாடியறையில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடுவதால் அந்த அறையில் நாற்காலி, மேஜை, கோப்பையிலிருந்த தேநீர் எல்லாமே ஓயாமல் நடுங்கின. ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் துறையில் வைத்த பெயர் புள்ளி மேடம்.

"இந்தப் பாதுகாப்புப் பகுதியோட ஜனங்க எப்படிப் பழகறாங்க, எங்க போறாங்க, எதைத் தவிர்க்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் என் ஆராய்ச்சி," என்றாள். "ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி குடுத்தேன். படகு எங்க போகுதோ அது இந்தத் திரையில புள்ளியா வரும். யார் பேரும் வெளிய வராதுன்னு சத்தியம் பண்ணித்தான் குடுத்தேன்."

பெட்டி சோப்பு டப்பா அளவில் இருந்தது, அதன் வளையத்தில் அறுத்த ஆரஞ்சுக் கயிறு ஒன்று தொங்கியது. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒன்பது என்று எழுதியிருந்தது. எழுதியவர் தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பெட்டிகளை எங்க திருப்பி வாங்கினீங்க?" என்றார் அத்தை.

"படகுத்துறையில. எல்லாரும் வரிசையா வந்து குடுத்தாங்க."

"ரேஞ்சர் அங்க இருந்தாரா?"

"ஒத்தாசைக்கு வந்திருந்தார்." அவள் குரல் தேய்ந்தது. "அப்புறம் ஒரு கூட்டத்துல இந்தப் படத்தைக் காட்டினேன். பேர் எதுவும் இல்ல, நம்பர் மட்டுந்தான். ஒன்பதாம் நம்பர் மிதவைக்கு உள்ள போய் நிக்கறதைப் பாத்துட்டு அவர் நாற்காலியை விட்டே எழுந்துட்டார்."

"பேரை மறைச்சு வச்சு, நம்பரை ஊருக்கே காட்டியிருக்கீங்க," என்றார் அத்தை. திட்டவில்லை, குறித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் அழுதுவிட்டாள். தன் வார்த்தையை நம்பிய ஒருவரின் படகு தன்னால் போகிறது என்பது அவளை உண்மையாகவே வாட்டியது. அதற்காக அவளை எனக்குப் பிடித்தது.

நான் பேச்சை மாற்றுவதற்காகத் திரையைக் காட்டினேன். "இந்த நாலாம் நம்பர் என்ன இவ்வளவு நேரா போகுது?"

"அவர்தான் ரொம்ப ஒழுங்கானவர்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் ஒரே கோட்டுல போய் அதே கோட்டுல திரும்பி வருவார். பாதுகாப்புப் பகுதிப் பக்கமே தலை வைக்க மாட்டார். கட்டுரையில அவரைத்தான் உதாரணமாப் போட்டிருக்கேன்."

"பயணிகள் படகு மாதிரி," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அத்தை ஒன்பதாம் பெட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகே நீட்டினார். "என்ன வாடை வருது, மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ரப்பர் வாடை."

"அந்தக் கொட்டகையில உக்காந்திருந்தோமே, இப்போ உங்க சட்டையில என்ன வாடை?"

முகர்ந்து பார்த்தேன். இரண்டு வாஷிங் பவுடருக்கு வேலை இருந்தது.

"கால் மணி நேரத்துல உங்க சட்டைக்கு ஒட்டின மீன் வாடை, மாசக்கணக்கா மீன் படகுல கிடந்த பெட்டிக்கு ஒட்டலையா?" என்று சொல்லிவிட்டு அத்தை சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அம்மா, ஞாயித்துக்கிழமைப் படங்களை மட்டும் காட்டுங்க."

புள்ளி மேடம் காட்டினாள். ஞாயிறுகளில் எல்லாப் புள்ளிகளும் வழக்கம்போலக் கடலில் அலைந்தன. ஒன்பது மட்டும் துறையை விட்டு அசையவில்லை.

"இப்போ இந்தச் சிவப்புத் தேதி எல்லாம்."

காலண்டரில் சிவப்பில் அச்சான ஒவ்வொரு நாளும் ஒன்பதாம் படகு கரையில் ஓய்வெடுத்தது. மற்ற நாட்களில் கிளம்பியது வெயில் ஏறிய பிறகு. மாலை டீ நேரத்துக்குத் திரும்பிவிட்டது. ஞாயிறை ஒட்டி ஒரு சிவப்புத் தேதி வந்தால், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வேலை நாளையும் சேர்த்து விழுங்கியிருந்தது.

"மீனுக்கு அரசு விடுமுறை உண்டான்னு எனக்குத் தெரியாது," என்றார் அத்தை. "ஆனா லீவு எடுக்கிற படகு இந்தத் துறையில ஒண்ணுதான் இருக்கு."

எனக்குப் புரிவதற்குப் படி இறங்கும் வரை ஆனது. புரிந்ததும் கடைசிப் படியைத் தவறவிட்டேன்.

*

ரோந்துப் படகு துறையின் கோடியில் கட்டிக் கிடந்தது. ரேஞ்சர் மாலை விசாரணைக்காகச் சீருடைக்கு இஸ்திரி போடப் போயிருந்ததால் காவலுக்கு ஆள் இல்லை. சாம்பல் நிறம், பளபளப்பான கைப்பிடிகள், மெத்தை வைத்த இருக்கை. இருக்கைக்குக் கீழே மிதவைச் சட்டைகள் வைக்கும் பெட்டி.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, நான் பெட்டியைப் பாக்கறேன்," என்றார் அத்தை.

உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன், முழுவதுமாக எழ முடியவில்லை. மெத்தையின் மடிப்பில் கிடந்த பெரிய தூண்டில் முள் ஒன்று என் கால்சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் உலர்ந்த இரைத்துண்டுகூட இருந்தது.

"அசையாதீங்க," என்றார் அத்தை. அவர் கையில் ஆரஞ்சு நிறக் கயிற்றுத் துண்டு இருந்தது. மிதவைச் சட்டைகளுக்கு அடியில், ஓர் ஆணியில் கட்டி அறுத்த மிச்சம். ஒன்பதாம் பெட்டியின் வளையத்திலும் அதே கயிற்றின் மறு பாதியைப் பார்த்திருந்தோம். "அந்த முள்ளை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்."

"அத்தை, எனக்கு வலிக்குது."

"ஆதாரம்னா அப்படித்தான்."

நேராகக் கொட்டகைக்குப் போனோம். நான் பக்கவாட்டில் நடந்தேன். பூட்டின் மனைவியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, அத்தை ஆரஞ்சுக் கயிற்றை வலையின் மேல் போட்டார்.

பூட்டு அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு திறந்தார்.

"வீட்டுல வச்சிருந்தா புள்ளி தரையில நிக்கும். அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிடும். கடல்ல மிதக்கணும், ஆனா எங்கயும் போகக் கூடாது. அப்படி ஒரு படகு ரோந்துப் படகுதான்னு நினைச்சேன். நான் விடியறதுக்கு முன்னாடி கிளம்பும்போதும் அது அங்கதான் கிடக்கும், இருட்டின பிறகு வரும்போதும் அங்கதான் கிடக்கும். அது நகரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பெட்டிக்கு எதுக்கு அவ்வளவு பயம்?"

"பெட்டிக்கு இல்ல. இடத்துக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குன்னு ஒரு இடம் இருக்கு. மிதவைக்கு வெளிய, சட்டப்படியான தண்ணிதான். என் அப்பா எனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். புள்ளி போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். முக்கியமா என் மச்சானுக்கு."

"இதை முன்னாடியே உங்க மனைவிகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவ யாரு? அந்த மச்சானோட தங்கச்சி," என்றார் பூட்டு. "தங்கமான பொண்ணுதான். ஆனா அண்ணன் வந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா சொல்லிடுவா. படகு போனா வேற படகுல கூலிக்குப் போவேன். இடம் போனா எங்க போவேன்?"

உரிமமும் படகும் ஒரு தட்டில், ஒரு துண்டுத் தண்ணீர் இன்னொரு தட்டில். மனுஷன் இரண்டையும் எடைபோட்டுவிட்டுத்தான் வாயைச் சாத்தியிருந்தார்.

"இடத்தைச் சொல்லாம படகைக் காப்பாத்த முடியுமான்னு பாக்கறேன்," என்றார் அத்தை. "வாக்குக் குடுக்கல."

*

விசாரணை துறை அலுவலகத்தின் நீளமான அறையில் நடந்தது. மின்விசிறிக்கு அடியில் மேலதிகாரி. அவர் எதிரில் படகுக்காரர்கள் அத்தனை பேரும். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில். முதல் வரிசையில் பூட்டின் மச்சான், தங்கைக்கு ஆறுதலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், காரணம் உங்களுக்குத் தெரியும்.

ரேஞ்சர் இஸ்திரி போட்ட சீருடையில் வந்து படத்தை விரித்தார். "பெத்த பிள்ளை மாதிரி நான் காப்பாத்தற கடல், சார் இது," என்று தொடங்கும்போதே சீருடைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, உண்மையான வேதனை. அதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அத்தை எழுந்தார். "ஒரு சந்தேகம். ஒன்பதாம் புள்ளி உள்ள நிக்குது, சரி. மீன் பிடிச்சார்னு எப்படிச் சொல்றீங்க?"

"நடுக்கடல்ல ஒரு படகு ஒரே இடத்துல மணிக்கணக்கா நின்னா, மீன் பிடிக்காம வேற என்னம்மா பண்ணும்? தியானமா பண்ணும்?"

அறை சிரித்தது. மேலதிகாரியும் சிரித்தார்.

"அந்த நாள்ல நீங்க ரோந்து போனீங்களா?"

"ஆபீஸ் நாள் அத்தனையும் போவேன்."

"அந்த இடத்துக்கும்?"

"அங்கதான் முக்கியமா."

"ஒரு தடவையாவது இவர் படகை அங்க பாத்தீங்களா?"

"அதுதாங்க எனக்கு ஆத்திரம்," என்று மேஜையைத் தட்டினார் ரேஞ்சர். "என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு, நான் இருக்கும்போதே, என் இடத்துல வந்து..."

நிறுத்திக்கொண்டார். மேலதிகாரி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். "யாரோட இடத்துல?"

அத்தை இரண்டு கயிற்றுத் துண்டுகளையும் மேஜையில் வைத்து முனைகளைச் சேர்த்துக் காட்டினார். ஒன்பதாம் பெட்டி எந்தப் படகின் இருக்கைக்குக் கீழே கிடந்தது என்று சொன்னார். காலண்டரைப் பிரித்துச் சிவப்புத் தேதிகளில் புள்ளி எங்கே தூங்கியது என்று காட்டினார். ஜன்னலில் யாரோ விசில் அடித்தார்கள்.

"ரோந்துப் படகு நிக்கலாம் சார், அதுல தப்பில்ல," என்றார் ரேஞ்சர், வியர்வையைத் துடைத்தபடி. "நான் நின்னு கண்காணிச்சேன்."

"மாப்பிள்ளை," என்றார் அத்தை.

நான் திரும்பி நின்றேன். என் வாழ்க்கையில் அதிகாரி ஒருவருக்கு முதுகைக் காட்டியது அன்றுதான், அதுவும் கேட்டுக்கொண்டதன்பேரில். மேலதிகாரி எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்து, முள்ளை மெதுவாகக் கழற்றினார். இரைத்துண்டைப் பார்த்தார்.

"தியானமா?" என்று ரேஞ்சரைக் கேட்டார்.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். "அங்கதானே சார் மீன் இருக்கு," என்றார், ஒரு குழந்தையின் நியாயத்தோடு. "நான் காப்பாத்தினதாலதானே இருக்கு."

அத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் உட்காரக்கூட இடம் தேடினேன். மேலதிகாரி கையை உயர்த்தினார்.

"புள்ளி இவரோடது இல்ல, ஒத்துக்கறேன். ஆனா பெட்டியை ஒளிச்சு வச்சவருக்கு ஏதோ மறைக்க இருந்திருக்கு. ரேஞ்சர் போகாத நாள்ல இவர் உள்ள போயிருக்க மாட்டார்னு என்ன நிச்சயம்? எங்க மீன் பிடிச்சார்னு சொல்லட்டும், கோப்பை மூடிடறேன். சொல்லலேன்னா படகு இங்கயே இருக்கட்டும்."

படகுக்காரர்கள் அத்தனை பேரும் ஓரங்குலம் முன்னால் சாய்ந்தார்கள். மச்சான் இரண்டு அங்குலம். பூட்டு தரையைப் பார்த்தார். அவர் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையைப் பார்த்தேன். அவரிடமும் மேற்கொண்டு எதுவும் இல்லை.

"நான் சொல்றேன் சார்," என்றாள் பூட்டின் மனைவி.

பூட்டு திடுக்கிட்டுத் திரும்பினார்.

"வடக்கு முனையைத் தாண்டினா மூணு பாறை வரும். நடுப்பாறைக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு. அங்கதான் போவாரு. எனக்குத் தெரியும்."

பூட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அப்பா விட்டுப்போன ஒரே சொத்தை மனைவி ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"இதுக்குச் சாட்சி?" என்றார் மேலதிகாரி.

மச்சான் துள்ளி எழுந்தார். "நான் இருக்கேன் சார். அங்கதான் நிப்பாரு. நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன்."

"உங்க பெட்டி நம்பர் என்ன?" என்று அறையின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. புள்ளி மேடம்.

"நாலு."

"நாலு வடக்குப் பக்கம் போனதே இல்லையே. தினமும் நேர்க்கோட்டுல..." அவள் மெதுவாக நிறுத்தினாள். அந்தக் கோடு தினமும் போய்வரும் பயணிகள் படகுடையது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "வேற யாராவது பெட்டியை வேற எங்கயாவது வச்சிருந்தீங்களா?"

படகுக்காரர்கள் அத்தனை பேரும் கூரையில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். மேலதிகாரி அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினார்.

*

மறுநாள் காலை அறிக்கையைக் கொடுக்கத் துறைக்குப் போனோம். வேறு கால்சட்டை அணிந்திருந்தேன்.

புள்ளி மேடம் மேட்டில் நின்று தொலைநோக்கியால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் அழுதிருப்பாள் என்று நினைத்தேன், முகம் மலர்ந்திருந்தது. "அத்தனை படகும் வடக்க போகுது, பாத்தீங்களா? பாதுகாப்புப் பகுதிக்கு நேர் எதிர்த் திசை. ஒரே விசாரணையில ஜனங்க இப்படி மாறுவாங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. கட்டுரையே வேற மாதிரி வரும்."

அவள் சொன்னது பொய்யில்லை. வடக்கு முனையில் ஊர்வலமே போனது. முன்னால் போனது மச்சானின் படகு.

பூட்டின் படகு கடைசியாகத் துறையை விட்டு நகர்ந்தது. மிதவைகளை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு ஈ காக்காய் இல்லாத தெற்குப் பக்கமாகத் திரும்பியது.

"அத்தை, அவர் தெற்க போறார்."

"பாத்தேன்."

"அப்போ நேத்து அந்த அழுகை?"

"சிரிப்பை அடக்கினா தோள் குலுங்கும், மாப்பிள்ளை. உங்க கல்யாணத்துல உங்க மாமா ஆடினப்போ நீங்களும் அப்படித்தான் முகத்தை மூடிக்கிட்டீங்க."

பூட்டின் மனைவி கூடையோடு எங்களைத் தாண்டினாள். அத்தை குரலைத் தாழ்த்தினார். "அந்த இடம் மிதவைக்கு வெளியதானே?"

"வெளியதாங்க. அது மட்டும் சத்தியம்."

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து. நங்கூரக் கயித்துல ஒட்டி வர்ற கருஞ்சேறு இந்தப் பக்கம் அங்க மட்டுந்தான் இருக்கு. கயித்தைக் கழுவறது யாரு?"

"அண்ணன்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?" என்றேன்.

"அவனுக்கும்தான் ஒரு இடம் இருக்கு. அண்ணி கழுவறா. எனக்குச் சொல்றாளா?"

சிரித்துவிட்டுப் போகப் பார்த்தவள் நின்றாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, தூக்கம் இல்லாத சிவப்பு.

"நேத்து ராத்திரிதாங்க முதல் தடவையா என்கிட்டக் கடலைப் பத்திப் பேசினாரு," என்றாள். "விடியற வரைக்கும் நிறுத்தவே இல்ல."